தாய்மாமன் ராஜினாமா

கரிசலூத்து என்ற ஊரில், பதினோரு பதவிகளில் இருந்த ஒரு மனிதருக்குப் பின்னால் ஒரு சுவர் வந்து சாய்ந்து நின்றது. அன்று திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. இடிந்து விழுந்து ஒரு பிள்ளையைக் கொன்று, செங்கல் செங்கலாக டிராக்டரில் அள்ளப்பட்டு, சாட்சிப் பொருள் என்று காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் கொட்டப்பட்டுப் பதினெட்டு நாள் கிடந்த அதே சுவர்தான் அது. மஞ்சள் டிஸ்டம்பர், அடியில் பச்சைப் பட்டை, நடுவில் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதியிருந்ததில் 'மரம்' பெயர்ந்து போய் 'வளர்ப்போம்' மட்டும் மிச்சம். பள்ளிக்கூட நிர்வாகக் குழுக் கூட்டத்தில் செக்ரட்டரி தவசிலிங்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்பதடி உயரத்துக்கு எழுந்து நின்று, மெல்ல அவர் தலைக்கு மேலே சாய்ந்து, விழ வேண்டிய இடத்தில் விழாமல் நின்றுகொண்டது. குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் அவரவர் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒதுங்கி, அங்கே நின்றபடியே அன்றைய தீர்மானங்களை வாசித்து நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தவசிலிங்கம் சாதாரண ஆள் இல்லை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் 'முன்னிலை' என்று போட்டு அவர் பெயர்தான் முதலில் வரும், பெயருக்குக் கீழே பதவிகள் நான்கு வரிக்கு ஓடும்: பள்ளிச் செயலாளர், வணிகர் சங்கத் தலைவர், கூட்டுறவு பால் சங்கத் தலைவர், கோயில் திருப்பணிக் குழுத் தலைவர், நூலக வாசகர் வட்டப் புரவலர், இரத்த தானக் கழக ஆலோசகர், நடைப்பயிற்சியாளர் சங்க நிறுவனர், மயானக் கமிட்டித் தலைவர் என்று போய், இடம் போதாமல் கடைசியில் மூன்று புள்ளி வைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்தப் புள்ளிகளுக்குள்ளும் அவருக்கு மூன்று பதவி இருந்தது. ஊர் அவரை அண்ணாச்சி என்றது. வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒரே ஒருத்தி, கூடப் பிறந்த தங்கை ஆவுடைத்தாய்.

ஆவுடைத்தாய் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில், தன் வீட்டின் முன்பக்கத்திலேயே தையல்கடை வைத்திருந்தாள். மகள் சுபிக்ஷாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர, அண்ணன்தான் தையல் மிஷின் வாங்கிக்கொடுத்து, பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிற வேலையையும் அவளுக்கே ஆக்கிக்கொடுத்தார். அதை அவள் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் பின்னால் அவள் வயிற்றை அப்படி எரித்தது. சுபிக்குக் காது குத்தியது தாய்மாமன் மடியில்தான். போன தை மாதம் அவள் பெரியவளானபோது, மேளதாளத்தோடு இருபத்தோரு தட்டுச் சீரும் சிவப்பு சைக்கிள் ஒன்றும் கொண்டுவந்து இறக்கி, தெருவே வாய் பிளந்து பார்க்க, மாமன் முறையை ஒரு குறையில்லாமல் செய்தார்.

பள்ளிக்கூடத்து சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரில் விரிசல் விட்டிருப்பதை விளையாட்டு வாத்தியார் மூன்று தடவை எழுதிக்கொடுத்தார். நான்காவது தடவை கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினார். தவசிலிங்கம் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரல் மூன்று கணு உள்ளே போயிற்று. "வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. வெளியூர்லருந்து பெரிய மனுசங்க வாராவ. இப்பப் போயி இடிச்சுப் போட்டா பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்? பூசி மறைச்சு, மஞ்சள் அடிச்சு விடுங்க" என்றார். பூசினார்கள், மஞ்சள் அடித்தார்கள், மரம் வளர்ப்போம் என்றும் எழுதினார்கள். விழா ஜாம்ஜாமென்று நடந்தது. ஆறாம் நாள் வியாழக்கிழமை ஒரு மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, சைக்கிள் சீட்டில் தேங்கின தண்ணீரைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு நின்ற சுபியின் மேல் அந்தச் சுவர் படுத்துக்கொண்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் போட்டிருந்த சீருடையை அதற்கு முந்தின மாதம்தான் ஆவுடைத்தாய் தைத்திருந்தாள், வளர்கிற பிள்ளை என்று ஓரத்தில் இரண்டங்குலம் கூடுதலாக மடித்து வைத்து.

தாய்மாமன் முறைக்குக் கோடித் துணியும் மாலையும் கொண்டுவந்து போட்டவர் தவசிலிங்கம்தான். அழுதார், பொய்யழுகை என்று யாரும் சொல்ல முடியாது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மயானத்துக்குப் போய், கமிட்டித் தலைவர் என்ற முறையில் ஏற்பாடுகளை மேற்பார்வை பார்த்தார். மறுநாள் பூசின கொத்தனார் மாடக்கண்ணுவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. விரிசல் என்று ஒன்று இருந்ததாகத் தனக்கு எவரும் சொல்லவில்லை என்று செக்ரட்டரி எழுதிக்கொடுத்தார். விளையாட்டு வாத்தியாரின் மூன்று கடிதங்களும் எங்கே என்று கேட்டதற்கு, கரையான் என்றார்கள்.

ஊர் கொந்தளித்தது. இன்றைக்கு ஆவுடைத்தாய் பிள்ளை, நாளைக்கு யார் பிள்ளையோ என்று தாய்மார் எல்லாரும் சாலையில் உட்கார்ந்தார்கள், பேருந்துகள் இரண்டு மைலுக்கு நின்றன, கடைகளுக்கு ஷட்டர் இறங்கியது, 'ராஜினாமா செய், ராஜினாமா செய்' என்று சின்னப்பிள்ளைகள்கூடக் கையைத் தட்டிக்கொண்டு ராகம் போட்டன. தவசிலிங்கம் அசையவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவரிடம், பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில், ஆவுடைத்தாய் கேட்டாள்.

"அண்ணே, அந்த செக்ரட்டரி வேலைய விட்டுருண்ணே. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"விட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும் தாயி? பதவியில இருந்தாத்தானே நாளைக்கு உனக்கும் ஏதாச்சும் நல்லது செய்ய முடியும்?"

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் மிஞ்சிய பாயசத்தை மூடி வைத்தாள். மறுநாளே கடையைத் திறந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சாமியிடம் எதுவும் கேட்கவில்லை, வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை. மிதிக்கிறபோது மட்டும், பல்லுக்கு நடுவே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை, "போ, அவன் பின்னால போயி நில்லு, போ, அவன் பின்னால போயி நில்லு" என்று வேப்பமரத்தடியில் கிடந்த செங்கல் குவியலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொன்னாள். திங்கட்கிழமை அது போயிற்று.

பள்ளிக்கூடத்தோடு அது நிற்கவில்லை. பால் சங்கத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார், அங்கே வந்து சாய்ந்தது. கோயில் திருப்பணிக் குழுவில் பட்டுத்துண்டோடு உட்கார்ந்தார், கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சாய்ந்தது. எந்த நாற்காலிக்கு அவர் பெயர் போட்டிருந்ததோ அந்த நாற்காலிக்குப் பின்னால் அது வந்தது, எழுந்தால் போயிற்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் வராது, அங்கே யாரும் உட்காரலாம் அல்லவா. பேருந்தில் வராது, சலூனில் வராது. பதவியில் உட்கார்ந்தால் வந்துவிடும்.

ஊர் இரண்டு வாரத்தில் அதற்குப் பழகிவிட்டது. பால் சங்கத்துக்கு விடிகாலையில் வருகிற பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சாணியில் எருவாட்டி தட்டிவிட்டுப் போனார்கள், தலைவர் எழுந்தால் எருவாட்டியும் சுவரோடு போய்விடும், மறுபடி உட்கார்ந்தால் காய்ந்து வரும், இப்படி நான்கு பதவி சுற்றி வந்தால் வெயிலில் போட்டதைவிட நன்றாகக் காய்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். வருகிற தேர்தலுக்கு ஒரு கட்சிக்காரர்கள் அதில் சுண்ணாம்பு அடித்து 'ஒதுக்கப்பட்டது' என்று எழுத, இன்னொரு கட்சிக்காரர்கள் அதை அழித்துத் தங்களுக்கு ஒதுக்கிக்கொள்ள, இரண்டு தரப்புக்கும் வணிகர் சங்க அலுவலகத்திலேயே கைகலப்பாயிற்று. அவர்கள் அடித்த சுண்ணாம்பெல்லாம் மறுநாளே உதிர்ந்து, மஞ்சள் மட்டும் நின்றது. கோயிலில் பெண்கள் அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள், பிள்ளையில்லாதவள் ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள். பேரூராட்சி ஆட்கள் வந்து கதவிலக்கத் தகடு அடித்தார்கள். பொதுப்பணித் துறை பொறியாளர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, "கணக்குப்படி இது விழுந்தாச்சு. விழுந்த சுவத்துக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று எழுதிக்கொடுத்துப் போனார். ஒவ்வொரு தடவை வரும்போதும் அது ஒரு விரல்கடை கூடுதலாகச் சாய்ந்திருந்ததை ஆவுடைத்தாய் தன் கடையிலிருந்தே கண்டுகொண்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் துணியை அளந்த கண்ணுக்கு நாடா தேவையில்லை.

ஆனால் அந்தச் சுவருக்கு அடியில் அவரோடு சேர்ந்து உட்கார எவனுக்கும் மனம் வரவில்லை. கூட்டம் நடத்தினால் தலைவர் உள்ளே, உறுப்பினர்கள் தெருவுக்கு அந்தப் பக்கம். தீர்மானத்தை மைக் வைத்து வாசித்தார்கள், போகிற வருகிற லாரிக்காரர்கள் கை தூக்கி ஆதரித்தார்கள். பிறகு ஒவ்வொரு சங்கமாக வந்து மெல்லக் கனைத்தது. "அண்ணாச்சி, நீங்க இல்லன்னா இந்த ஊரு இல்ல. இருந்தாலும் ஆட்கள் பயப்படுதாவ. ஒடம்பும் உங்களுக்கு முன்ன மாதிரி இல்ல பாருங்க..." ஒரு பிள்ளை செத்ததற்கு அசையாத மனுஷன், தன் தலைக்கு மேலே ஒரு செங்கல் பல்லைக் காட்டியதும் அசைந்தார். பள்ளிச் செயலாளர் பதவியை முதலில் விட்டார். 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதிக்கொடுத்தார். அந்த நாற்காலிக்கு அதன் பிறகு சுவர் வரவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. பால் சங்கத்தை விட்டார், சொந்தக் காரணங்களால். வணிகர் சங்கத்தை விட்டார், சொந்தக் காரணங்களால். திருப்பணிக் குழுவை, வாசகர் வட்டத்தை, இரத்த தானத்தை, நடைப்பயிற்சியை, மயானத்தை, மூன்று புள்ளிக்குள் இருந்த மூன்றையும் விட்டார்.

முதல் ராஜினாமா செய்தி வந்த அன்று ஆவுடைத்தாய் ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். பிள்ளை போன பிறகு அவள் நாக்கில் ருசி பட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொன்றாகச் செய்தி வர வர, மிஷினுக்கு மேலே தொங்கிய நாள்காட்டியில் துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் ஒவ்வொரு கோடாகப் போட்டாள். அண்ணன் தெருவில் போகும்போது தோள் இறங்கியிருப்பதை, சட்டைக் கழுத்து ஓர் அங்குலம் தளர்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்தச் சட்டைகளைத் தைத்தவளே அவள்தானே. இன்னும் தளரட்டும், சட்டைக்குள் ஆளே இல்லாமல் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

பதினோராவது கோடு போட்ட மறு வாரம் பஜாரில் பந்தல் போட்டார்கள். 'பதவிகளைத் துறந்த பண்பாளருக்குப் பாராட்டு விழா' என்று நாற்பதடிக்குப் பேனர். இந்தக் காலத்தில் யார் பதவியை விடுகிறார்கள், அண்ணாச்சி பதினோரு பதவியை ஒரே மாதத்தில் தூக்கிப்போட்டவர் என்று ஒருவர் பின் ஒருவராக மைக்கில் உருகினார்கள். சாலையில் உட்கார்ந்து ராஜினாமா செய் என்று கத்தின அதே தாய்மார் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். முப்பத்தேழு பொன்னாடை போட்டார்கள். தவசிலிங்கம் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில், பின்னால் எந்தச் சுவரும் இல்லாமல், காற்றாட உட்கார்ந்து ஏற்புரை சொன்னார். "பதவிங்கறது சுமைதான். இறக்கி வச்சிட்டேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கேன்."

ஆவுடைத்தாய் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பி நடந்தாள். ராஜினாமா, ராஜினாமா என்று இத்தனை நாள் தவம் கிடந்தது இதற்கா? பிள்ளையைக் கொன்றதற்கும் பொன்னாடை, அதிலிருந்து கழன்றுகொண்டதற்கும் பொன்னாடை. வீட்டுக்குப் போய் நாள்காட்டியில் போட்டிருந்த பதினோரு கோட்டையும் ஈரத்துணியால் துடைத்தாள். அன்று சாயங்காலம் மிஷின் மிதிக்கும்போது அவள் வாயிலிருந்து வேறு சொல் வந்தது. "வீட்டுக்குப் போ. அவன் வீட்டுக்குள்ள போ."

சுவர் வீட்டுக்குள் போயிற்று. குடும்பத் தலைவர் என்று ரேஷன் கார்டில் அவர் பெயர்தானே இருந்தது. சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் குழம்புச் சட்டிக்கு மேலே வந்து சாய்ந்தது. ஆள் அசரவில்லை, விடுகிற வித்தைதான் கைவந்துவிட்டதே. ரேஷன் கார்டில் மனைவி பெயரை மேலே ஏற்றினார். கோயம்புத்தூரில் வேலை பார்த்த மகனுக்குத் தகப்பன் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதினார். அவன் போனில் கும்பிடு போடுகிற படம் ஒன்றை அனுப்பி ஏற்றுக்கொண்டான். கணவர் பதவிக்கான கடிதத்தை மனைவி வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "வச்சிட்டுப் போங்க. இனிமே சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்க" என்றாள். சம்பந்தி, சித்தப்பா, மச்சினன் என்று இருந்ததெல்லாம் தபாலில் போய், ஏற்கப்பட்டுத் தபாலிலேயே திரும்பி வந்தன. கடைசியில் தனக்குச் சொந்தமான அரவை மில்லின் பின்னறையில் ஒரு பாயோடு தங்கினார். ஊரார் அவரைத் துறவி என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் சுவர் முழுநேரமாக வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் இத்தனை பதவிக்கும் பங்கு வைத்து அலைந்த சுவருக்கு இப்போது ஒரே ஒரு வீட்டு உறவுதான் மிச்சம், அதனால் வேறெங்கும் போக வேண்டிய தேவை அதற்கு இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் வந்தது. சலூன் நாற்காலியில், பேருந்தில், மில் வாசல் படியில், பாயில் சம்மணம் போட்டால்கூட வந்தது. டீக்கடைக்காரர் வெளியே நின்று குடிக்கச் சொன்னார். பேருந்தில் நடத்துநர் சுவரைக் கூரைமேல் ஏற்ற முடியாது என்றார். பத்து நாள் தவசிலிங்கம் உட்காராமல் நின்றே காலம் தள்ளினார், கால் வீங்கி வெண்பூசணி மாதிரி ஆயிற்று. விழுந்தாவது தொலைக்கட்டும் என்று ஒருநாள் மத்தியானம் அதற்கடியில் மல்லாந்து படுத்தும் பார்த்தார். முகத்துக்கு நான்கு விரல்கடை மேலே வந்து நின்றுகொண்டது. மூச்சு விட்டால் செங்கல் மணம் திரும்ப மூக்கில் அடித்தது.

இன்னும் எந்தப் பதவி பாக்கி என்று வக்கீல், ஜோசியர், ஓய்வுபெற்ற தாசில்தார் மூவரும் சேர்ந்து யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் ஊர் முழுக்க அவரைக் கூட்டிக்கொண்டு ஆவுடைத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் அந்தப் படி ஏறவில்லை. வணிகர் சங்கத்துக்குப் புதுத் தலைவராகியிருந்த பரமானந்தம்தான் பேச்சை எடுத்தார்.

"ஆவுடைத்தாயிம்மா, நடந்தது நடந்துபோச்சு. மனுசன் எல்லாத்தையும் விட்டுட்டாரு. ஒங்கிட்ட உள்ளது ஒண்ணுதான் பாக்கி. நீ ஏத்துக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா அவரு உக்காந்து ஒரு வாய் சோறு திம்பாரு. ஊரே ஒன்னக் கேட்டுக்கிடுது."

அவள் ஊரைப் பார்த்தாள். சாலையில் உட்கார்ந்த தாய்மார் இருந்தார்கள், முதல் வரிசையில் கை தட்டியவர்களும் இருந்தார்கள், எல்லாம் அதே முகங்கள்தான். இப்போது அவளைத்தான் விட்டுவிடு, விட்டுவிடு என்கிறார்கள். அண்ணன் இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினார். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"பெறுநர், திருமதி ஆவுடைத்தாய் அவர்கள். பொருள், அண்ணன் மற்றும் தாய்மாமன் பொறுப்புகளிலிருந்து விலகுதல் தொடர்பாக. சொந்தக் காரணங்களால்..." நிறுத்தினாள். "என்ன சொந்தக் காரணம்ணே?"

"எல்லாக் கடுதாசியிலயும் அப்படித்தாம் போட்டேன் தாயி."

"இதுல அப்படிப் போட வேண்டாம். விரிசல்ல வெரல விட்டுப் பாத்தேன், தெரிஞ்சே பூசச் சொன்னேன், எம் மருமவ எம் புத்தியால செத்தான்னு எழுது. இந்தா பேனா. எழுதிக் குடு, இந்த நிமிசமே கையெழுத்துப் போடுதேன். மாடக்கண்ணுவும் வீட்டுக்கு வரட்டும்."

நிஜமாகவே போட்டிருப்பாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு அண்ணன் வேண்டியிருந்தது. காது குத்தும்போது பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுத அந்த அண்ணன். தவசிலிங்கம் பேனாவை வாங்கினார். முனையைத் திறந்தார். பிறகு தலையைத் திருப்பி வக்கீலைப் பார்த்தார், வக்கீல் இல்லை என்று தலையசைத்தார்.

"கேஸ் நடக்குல்லா தாயி... எழுத்துல குடுக்கக் கூடாதாம். வாயால வேணும்னா, நாம ரெண்டு பேரும் தனியா இருக்கையில சொல்லுதேன்."

"சரி" என்றாள் ஆவுடைத்தாய்.

உள்ளே போய்த் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். கடிதத்தை முழங்காலில் வைத்து நீவி, 'அண்ணன்' என்ற சொல்லுக்கும் 'தாய்மாமன்' என்ற சொல்லுக்கும் நடுவே, நூல் பிசகாமல், மேலிருந்து கீழ் வரைக்கும் வெட்டினாள். அண்ணன் இருந்த துண்டில் அவர் பேனாவாலேயே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, பரமானந்தத்தின் கையில் கொடுத்தாள்.

"அண்ணன் பதவி எனக்குக் கீழ உள்ளது. நான் ஏத்துக்கிட்டேன். இனி இவருக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது." மற்றத் துண்டைத் தவசிலிங்கத்திடம் திருப்பி நீட்டினாள். "இது எனக்கு வரவேண்டிய கடுதாசி இல்ல. பேரு மாத்தி எழுதியிருக்கு. மாமன் பதவிய மருமவகிட்டதான குடுக்கணும்? சுபி பேருக்கு எழுதுங்க. அவ வாசிச்சு, அவ கையெழுத்துப் போட்டா நீங்க போகலாம்."

ஓய்வுபெற்ற தாசில்தார், விதிப்படி அது சரிதான் என்று முணுமுணுத்தார்.

"தாயி, அவ எங்கம்மா..." என்று தவசிலிங்கம் ஆரம்பித்தார்.

"ஏத்துக்கிடற வரைக்கும் பதவியில இருக்கணும்லா, நீங்க அறியாத சட்டமா? வருசா வருசம் பொங்கலுக்குப் பாவாட தாவணி எடுக்கணும். அவளுக்குக் கல்யாண வயசு வரணும், மணவடையில மாமன் மால எடுத்துக் குடுக்கணும், பொறக்கிற பிள்ளைக்குக் காது குத்தணும். அது வரைக்கும் எங்கயும் போயிரக் கூடாது." பேசிக்கொண்டே அவள் கூடத்தில் ஒரு மணைப் பலகையை எடுத்துப் போட்டு, அதன் முன்னால் வாழையிலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "பதவியில உள்ள மாமன வெறும் வயித்தோட அனுப்பினா என் பிள்ள கோவிச்சுக்கிடுவா. உக்காருங்க சுபி மாமா."

அண்ணே என்று கூப்பிட்ட வாய் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு ஊர் ஒவ்வொருவராகக் கலைந்து போயிற்று. பரமானந்தம் கையிலிருந்த துண்டுக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வக்கீலையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார். தவசிலிங்கம் நின்றார். பத்து நாள் நின்ற கால் அதற்கு மேல் நிற்கவில்லை. மணையில் உட்கார்ந்தார். சுவர் கூடத்துக்குள் வந்து, ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் ஒரு கீறல்கூடப் படாமல் எழுந்து, அவர் உச்சந்தலை வரைக்கும் குனிந்தது. குனிந்து பரிமாறிய ஆவுடைத்தாய்க்கும் அதுதான் கூரை. அவள் அவசரப்படவில்லை. சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள்.

"விழுந்துட்டாக்கூடத் தேவல போல இருக்கு" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"விழாது. நான் பிடிச்சுக்கிட்டுல்லா இருக்கேன். நான் இருக்க வரைக்கும் விழ விட மாட்டேன்."

அவர் நான்கு வாய் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். இலை காலியாகும் முன்பே அவள் மறுபடி சோற்றுப் பானையோடு வந்துவிட்டாள். போதும் என்று அவர் இலைக்கு மேலே கையை மறித்தார். அவள் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.